சிவப்பு வேறு, தடிப்பு வேறு: ரசரோற்றீன் பூசிய ஒரு கடற்றொழிலாளியின் சொரியாசிஸ் – திருகோணமலை நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 41 வயது ஆண். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடைப்பட்ட கரையிலிருந்து ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். மனைவிக்கு 31 வயது. நான்கு வயதில் ஒரு மகன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

ஏழு ஆண்டுகளாக இரண்டு முழங்கையிலும் இரண்டு கணைக்காலிலும் இடுப்பின் பின்புறத்திலும் வெள்ளிச் செதிலோடு தடித்த படைகள். ஊரில் முதலில் தேமல் என்றார்கள், பிறகு கரப்பான் என்றார்கள். காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்) என்று சரியாகப் பெயர் சொன்னவர் ஒரு சித்த வைத்தியர்தான். அவர் கொடுத்த வெட்பாலை எண்ணெயில் செதில் குறைந்தது, தடிப்பு அப்படியே நின்றது. அதன் பிறகு பாமசியில் மருந்துத் துண்டு இல்லாமலே குளோபெற்றசோல் களிம்பு வாங்கி மூன்று மாதம் பூசியிருக்கிறார். படை அடங்கியது. நிறுத்தி இரண்டு கிழமைக்குள் முன்னையதைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. வீரியமான ஸ்டீரொயிட் களிம்பை ஒரேயடியாக விட்டால் இப்படி நடப்பதுண்டு. ஆனால் அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், ‘ஆங்கில மருந்து எதுவும் நிரந்தரமில்லை’ என்பது. அந்த நம்பிக்கையின்மை பின்னால் வந்த எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதற் பரிசோதனை

மே மாதம், கச்சான் காற்றுக் காலம். நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு அவரது உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம் என்ற கணக்கில் படைகள் ஆறு கையளவு, அதாவது 6 சதவீதம். தடிப்பு, செதில், சிவப்பு மூன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி இட்டதில் தடிப்பு 3, செதில் 3, சிவப்பு 2. நகங்களில் ஊசி குத்தியது போன்ற குழிகள். மூட்டு வலியோ காலை விறைப்போ இல்லை. செதிலைச் சுரண்டிப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் பார்த்ததில் பூஞ்சணம் இல்லை. படையைக் கூட்டக்கூடிய மருந்துகள், குறிப்பாக இரத்த அழுத்தத்துக்கான பீற்றாத் தடுப்பிகளும் லித்தியமும், எதுவும் பாவிக்கவில்லை.

முழங்கைப் படைகளின் வெளிவிளிம்பில் கீறல்கள் இருந்தன. வலை இழுக்கும்போது படகின் விளிம்பில் முழங்கை உரசுகிறது. சொரியாசிஸ் உள்ளவருக்கு உரசிய இடத்தில் புதிய படை எழும். அந்தத் தொழிலில் முழங்கை ஒருபோதும் சும்மா இருக்கப்போவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏன் ரசரோற்றீன்

மீண்டும் குளோபெற்றசோல் கொடுப்பது பழைய கதையைத் திரும்ப ஓட்டுவது. புறஊதா ஒளிச் சிகிச்சைக்குக் கிழமைக்கு மூன்று நாள் வரவேண்டும், மூன்று நாள் தொழில் போகும். வாயால் எடுக்கும் ரெற்றினோயிட்டான அசிற்றெற்றின் குளிசை யோசிக்கப்பட்டு விடப்பட்டது. 6 சதவீதப் பரப்புக்காக ஈரலையும் இரத்தக் கொழுப்பையும் மாதக்கணக்கில் கண்காணிப்பது பொருத்தமில்லை. மிஞ்சியது பூசும் ரெற்றினோயிட். 0.1 சதவீத ரசரோற்றீன் ஜெல், நாளுக்கு ஒரு முறை, மெல்லியதாக. துண்டில் எழுதியது: “இரவில் பூசவும்.” இந்த இரண்டு சொல்லில்தான் முதல் பிழை இருந்தது.

மருந்து தொடும் பரம்பரையலகு

மருந்து தொடங்கி ஒன்பதாம் நாள் நடந்ததை விளங்கிக்கொள்ள, இந்த மருந்து கலத்துக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரெற்றினோயிட்கள் விற்றமின் ஏயின் உறவினர். ரசரோற்றீன் தோலுக்குள் போனதும் அங்குள்ள நொதியங்கள் அதை உடைத்து ரசரோற்றீனிக் அமிலமாக்குகின்றன. வேலை செய்வது அந்த அமிலம்தான். அது கலத்தின் கருவுக்குள் ரெற்றினோயிக் அமில ஏற்பிகளோடு, முக்கியமாக பீற்றா, காமா வகைகளோடு, சேர்கிறது. ஏற்பி தன் துணையேற்பியோடு சோடியாக டி.என்.ஏயில் தனக்கென்று உள்ள இடத்தில் அமர்ந்து அருகிலுள்ள பரம்பரையலகுகளை முடுக்குகிறது. ஆக, இது படையை எரிக்கும் மருந்தல்ல. கலம் என்ன புரதம் செய்ய வேண்டும் என்பதை மாற்றும் மருந்து.

ரசரோற்றீன் பட்ட தோற்கலங்களில் எவை கூடுதலாக முடுக்கப்படுகின்றன என்று தேடியபோது கிடைத்த மூன்று பரம்பரையலகுகளுக்கு ரி.ஐ.ஜி. 1, 2, 3 என்று பெயர். ‘ரசரோற்றீனால் தூண்டப்படும் பரம்பரையலகு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பொலிஸ் டி.ஐ.ஜி.க்கும் இதற்கும் தொடர்பில்லை. மூன்றும் ஒரே குடும்பம் என்று நினைப்பதும் தவறு. இரண்டாவது தருகிற கெமரின் என்ற புரதம் நோயெதிர்ப்புக் கலங்களை அழைக்கும் தூதுவன். பெயர் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம், மூன்றும் ஒரே வலையில் அகப்பட்டவை என்பது மட்டுமே.

இந்த நிகழ்வுக்கு வேண்டியது மூன்றாவது. 1998இல் விவரிக்கப்பட்டது. 11ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் இருக்கிறது. அது தரும் புரதம் சிறியது, 164 அமினோ அமிலங்கள். சாதாரண மேற்றோலில் இப்புரதம் அடி அடுக்குக்கு மேலே, பிரிவதை நிறுத்தி முதிரத் தொடங்கிய கலங்களில் தெரிகிறது. அதன் வேலை இரண்டு. ஒன்று, கலம் பெருகுவதைத் தடுப்பது. வளர்ப்புக் கலங்களில் இப்புரதத்தைக் கூட்டினால் வளர்ச்சி குறைகிறது. தோற்புற்றுகளில் இது குறைந்திருப்பதைக் கண்டதாலும் இதைப் புற்றடக்கும் பரம்பரையலகுகளோடு சேர்க்கிறார்கள். மற்றது, முதல்வகை திரான்ஸ்குளூற்றமினேஸ் என்ற நொதியத்தோடு ஒட்டி அதை ஊக்குவது. அந்த நொதியம் கல விளிம்பிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்து, தோலின் மேலடுக்குக் கலங்களுக்குக் கடினமான உறை போடுகிறது. மென்சவ்வில் நங்கூரமிட இப்புரதத்துக்கு நீரை வெறுக்கும் ஒரு வால் உண்டு. ஆய்வில் அந்த வாலை வெட்டிவிட்டால் வளர்ச்சியைத் தடுக்கும் வலு போய்விடுகிறது.

சொரியாசிஸ் படையில் இதற்கு நேர்மாறான நிலை. சாதாரணமாக நான்கு கிழமை அளவில் அடியிலிருந்து மேலே வந்து உதிரும் கலம், இங்கே நான்கைந்து நாளில் வந்துவிடுகிறது. முதிராமல், கலக்கரு கூட மறையாமல், செதிலாகக் குவிகிறது. படையில் ரி.ஐ.ஜி.3இன் அளவு குறைந்திருக்கிறது. ரசரோற்றீன் பூசினால் அது திரும்ப ஏறுகிறது.

இதிலிருந்து கிளினிக்கில் பயன்படும் ஒன்றைப் பெறலாம். இந்தத் தடை வேலை செய்வது மேற்றோலில். சிவப்பு வருவதோ அதற்குக் கீழே விரிந்த இரத்தக் குழாய்களிலிருந்தும் அழற்சியிலிருந்தும். எனவே முதலில் தடிப்பு இறங்கும், பிறகு செதில், சிவப்பு கடைசியில்தான். சிவப்பை மட்டும் பார்த்து இந்த மருந்தை மதிப்பிடுகிறவர் முதல் மாதத்தில் ஏமாறுவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நோயாளியின் தோலில் ரி.ஐ.ஜி.3 அளக்கப்படவில்லை. மாவட்டக் கிளினிக்கில் அதற்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. ரசரோற்றீன் முடுக்குவதும் அடக்குவதும் இந்த ஒன்றை மட்டுமல்ல. மேலே சொன்னது அவதானிப்புக்குப் பொருந்தும் விளக்கம். நிறுவப்பட்ட காரணம் என்று கொள்ளக்கூடாது.

ஒன்பதாம் நாள்

மூன்று கிழமைக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தும் ஒன்பதாம் நாளே வந்துவிட்டார். “ரெண்டு ரியூப் முடிஞ்சுது மிஸி, எரிவு தாங்கேலாது. குளோபெற்றசோலையே தாங்கோ.”

கண்ணுக்குத் தெரிந்தது: படைகளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல தோலும் பளபளத்துச் சிவந்திருந்தது. தோல் மெல்லிய தாளாக உரிந்தது. வெள்ளிச் செதில் அல்ல. சிவப்புப் புள்ளி 2இலிருந்து 4. தூரத்திலிருந்து பார்த்தால் நோய் இரட்டித்தது போலிருந்தது.

கையால் தடவியபோது தெரிந்தது வேறு. முழங்கைப் படையின் நடுப்பகுதி தணிந்திருந்தது. தடிப்பு 3இலிருந்து 2. புதிய இடத்தில் படை இல்லை, கொப்புளம் இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. ஒவ்வாமையாக இருந்தால் கடியும் சிறு கொப்புளங்களும் பூசாத இடத்துக்கும் பரவியிருக்கும். நோய் கூடியிருந்தால் தடிப்பு ஏறியிருக்கும். இது ரெற்றினோயிட் எரிச்சல், அதோடு மருந்து வேலை தொடங்கிய அடையாளமும்.

அடுத்த கேள்வி, எரிச்சல் ஏன் இவ்வளவு என்பது. விடை ரியூப் கணக்கில் கிடைத்தது. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். அது இரண்டு கையளவுக்குப் போதும். ஆறு கையளவுக்கு மூன்று விரல்நுனி, ஒன்றரைக் கிராம். 15 கிராம் ரியூப் பத்து நாளுக்கு வரவேண்டும். இவர் எட்டுத் தரம் பூசி இரண்டு ரியூப் முடித்திருக்கிறார். நாளுக்கு 3.75 கிராம், வேண்டியதன் இரண்டரை மடங்கு. ‘மெல்லியதாக’ என்ற சொல்லை ஒவ்வொருவரும் தத்தம் பழக்கப்படி விளங்கிக்கொள்வார்கள். வெட்பாலை எண்ணெயை வழியவழியப் பூசிப் பழகியவருக்கு அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம் நேரம். அவருக்கு இரவு என்பது வேலை நேரம். எட்டு மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழும்பி, இரண்டரைக்குப் படகைத் தள்ளுகிறார். “பூசிட்டுப் படுத்தா பாயெல்லாம் ஒட்டும்” என்று எழும்பியதும் பூசியிருக்கிறார். அரை மணியில் உப்புத் தண்ணீர், ஆறு மணியிலிருந்து வெயில். ரெற்றினோயிட் பட்ட தோலின் மேலடுக்கு மெலிந்து வெயிலைத் தாங்கும் வலு குறைகிறது என்பதால்தான் இரவில் பூசச் சொல்வது. எழுதியவரின் இரவும் பூசியவரின் இரவும் வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது தற்செயலாகத் தெரிந்தது. கூட வந்த மனைவி கிளினிக் கொப்பியை நீட்டியபோது அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் சிவந்து உரிந்திருந்தன. தாதி கேட்டார்: “தங்கச்சி, இவருக்கு மருந்து ஆர் பூசிவிடுறது?” “முதுகுக்கு நான்தான் மிஸி.” மாதவிலக்கு ஐந்து நாள் தள்ளியிருந்தது.

ரசரோற்றீன் கருவுற்றவர்களுக்குக் கூடாத மருந்து. பெண் நோயாளிக்குக் கொடுப்பதானால் தொடங்க முன் இரண்டு கிழமைக்குள் கருப்பரிசோதனை செய்து, இல்லை என்று உறுதிப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும். இங்கே நோயாளி ஆண் என்பதால் படிவத்தில் அந்தப் பெட்டியே நிரப்பப்படவில்லை. விரல் நுனியால் உடலுக்குள் போயிருக்கக்கூடியது மிகச் சிறிதளவுதான். இருந்தும் அந்தக் கேள்வி முதல் நாளே கேட்கப்பட்டிருக்க வேண்டும். அன்றே செய்த சிறுநீர்ப் பரிசோதனையில் கரு இல்லை. ஒரு கிழமை கழித்து மறுபடி செய்தும் இல்லை. அதற்கு இரண்டு நாளில் மாதவிலக்கு வந்தது.

எடுத்த முடிவுகள்

ஜெல் பத்து நாள் நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் குளோபெற்றசோலைவிட வீரியம் குறைந்த ஸ்டீரொயிட்டான 0.1 சதவீத மொமெற்றசோன் களிம்பு காலையில் ஒரு தரம், வெள்ளை மென்பரஃபின் நாளுக்கு நான்கு தரம், கடலுக்கு நீளக்கைச் சட்டை. அவர் கேட்ட குளோபெற்றசோலைக் கொடுத்திருந்தால் சிவப்பு மூன்று நாளில் அடங்கியிருக்கும். அதை அவர் நான்கு மாதம் விடமாட்டார் என்பதும் தெரிந்ததுதான். மறுத்ததற்குக் காரணம் அது.

ரசரோற்றீனையே விட்டுவிடலாமா என்றும் பேசப்பட்டது. தடிப்பு ஒன்பது நாளில் ஒரு புள்ளி இறங்கியிருந்ததால் தொடர்வதென்று முடிவாயிற்று. அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

இருபதாம் நாள் மீண்டும் தொடங்கியபோது மாற்றப்பட்டவை பல. 0.1க்குப் பதில் 0.05 சதவீதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாலை ஆறரைக்கு, வலை பொத்தி முடித்துக் குளித்த பின், தோல் முழுதாகக் காய இருபது நிமிடம் விட்டு, படையின் விளிம்பைச் சுற்றி நாகப் (சிங்க்) பசை ஒரு கோடாக, அதன் உள்ளே மட்டும் ஜெல். ஜெல் பூசி இருபது நிமிடத்தில் இளஞ்சூட்டு நீரால் கழுவி, பரஃபின். குறுந்தொடுகை முறை என்பது இதுதான். வேலைக்கு வேண்டிய அளவு மருந்து அந்நேரத்துக்குள் உள்ளே போய்விடும். மிச்சம் மேலே கிடந்து எரிப்பதும், பாயிலும் பிள்ளையிலும் ஒட்டுவதும் குறையும். ஈரத் தோலில் பூசினால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டு எரிவு கூடும் என்பதால் காயும் அந்த இருபது நிமிடத்தில் விட்டுக்கொடுப்பில்லை. மொமெற்றசோன் காலை பத்து மணிக்கு, மீன் கொடுத்துவிட்டு வந்து குளித்த பின். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசவில்லை.

முதுகுக்குப் பூசும் வேலை நோயாளியின் தம்பிக்கு மாறியது, கையுறையோடு. ரியூப் மகனுக்கு எட்டாத தட்டுக்குப் போனது.

உறவினர் சிலர் கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கச் சொல்லியிருந்தார்கள். ஏழு கிணற்றிலும் சூடு வெவ்வேறு என்பதால் “சூடு குறைஞ்ச கிணத்தில குளிக்கலாமோ” என்று கேட்டார். ஜெல் பூசும் காலத்தில் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. கிணற்றில் குறையொன்றுமில்லை. மெலிந்த தோலை வெந்நீர் இன்னும் உலர்த்தும்.

பின்பு நடந்தது

முதல் இரண்டு கிழமை எரிவு இலேசாக இருந்தது, தாங்கக்கூடியது. பிறகு தொடுகை நேரம் முப்பது நிமிடமாகக் கூட்டப்பட்டது. நான்காம் கிழமையில் தடிப்பு முழங்கையில் 1, இடுப்பில் 1, கணைக்காலில் 2. சிவப்பு எல்லா இடத்திலும் 2. “கல்லு மாதிரி இருந்தது இப்ப துணி மாதிரி, ஆனா நிறம் போகேல்ல” என்பது அவர் வாக்கு. எந்த அளவைப் புள்ளியையும்விடச் சரியான விவரிப்பு. மொமெற்றசோன் அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைக்கப்பட்டது. பழையபடி ஒரேயடியாக நிறுத்தவில்லை.

ஆறாம் கிழமையில் ஒரு சறுக்கல். எஞ்சின் பழுதாகிப் படகு நண்பகல்வரை கடலில் நின்றது, சட்டையைக் கழற்றியிருந்தார். முழங்கையும் முதுகும் வெந்து சிவந்தன. வெயிலில் வெந்த தோலில் ரசரோற்றீன் பூசக்கூடாது. நான்கு நாள் பரஃபின் மட்டும். எரிவு போன பிறகு ஜெல் தொடர்ந்தது. இம்முறை அவராகவே நிறுத்திவிட்டு வந்து சொன்னார்.

பன்னிரண்டாம் கிழமை: தடிப்பு 1, செதில் 1, சிவப்பு 1. கணைக்காலில் மட்டும் தடிப்பு 2இலேயே நின்றது. அங்கே நாகப் பசை பூசாமல் விட்டதால் இரண்டு தரம் விளிம்பு எரிந்து, இடையிடையே நிறுத்த வேண்டி வந்தது ஒரு காரணம். கணைக்காற் படைகள் இயல்பிலேயே மெதுவானவை என்பது இன்னொன்று. படை இருந்த இடங்களில் தோல் நிறம் வெளிறியிருந்தது. அது நோயுமல்ல, மருந்தின் கேடுமல்ல, மாதங்களில் திரும்பும் என்று விளக்கப்பட்டது. பன்னிரண்டு கிழமைக்கும் போன ஜெல் நான்கு ரியூப், கணக்குக்குக் கிட்டத்தட்டச் சரி.

அத்தோடு ஜெல் நிறுத்தப்பட்டது. நவம்பரில், வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்துத் தொழில் நின்ற காலத்தில் வந்தபோது, இடுப்பு சுத்தமாக இருந்தது. வலது முழங்கையின் வெளிவிளிம்பில், படகு உரசும் அதே இடத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவு படை. அதற்கு மட்டும் கிழமைக்கு இரண்டு மாலை குறுந்தொடுகை தொடங்கப்பட்டது. தொழில் திரும்பத் தொடங்கும்போது முழங்கைக்கு உறை போட அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி மாற்றப்படுபவை

துண்டில் ‘இரவில்’ என்று எழுதுவது நிறுத்தப்பட்டது. நோயாளி படுக்கும், எழும்பும், வெயிலில் இறங்கும் நேரங்களைக் கேட்டு மணியாகவே எழுதப்படுகிறது. கடற்றொழிலாளருக்கு மட்டுமல்ல, இரவுக் காவலாளிக்கும் பேக்கரியில் வேலை செய்கிறவருக்கும் இது பொருந்தும்.

‘மெல்லியதாக’ என்பதும் போயிற்று. எத்தனை விரல்நுனி, ஒரு ரியூப் எத்தனை நாள் என்று கிளினிக் கொப்பியில் எழுதி, முதல் தரத்தைக் கிளினிக்கிலேயே நோயாளியின் கையால் பூசவைத்துப் பார்க்கிறார்கள். அடுத்த வருகையில் ரியூப்பைக் கொண்டுவரச் சொல்வது எந்தக் கேள்வியைவிடவும் நேரான விடை தருகிறது.

முதல் ரெற்றினோயிட் 0.05 சதவீதத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கும். மறுபரிசோதனை மூன்று கிழமையில் அல்ல, ஏழாம் நாள், ஏனெனில் எரிச்சல் உச்சத்துக்கு வருவதும் ஆட்கள் மருந்தைக் கைவிடுவதும் முதல் இரண்டு கிழமையில்தான். தடிப்பு, செதில், சிவப்பு மூன்றும் தனித்தனி நிரலில் எழுதப்படும். கூட்டி ஒரே எண்ணாக எழுதியிருந்தால் இந்த நோயாளியின் ஒன்பதாம் நாள் முழுத் தோல்வியாகத்தான் தெரிந்திருக்கும்.

கருவுறக்கூடிய வயதுப் பெண் வீட்டில் இருக்கிறாரா, மருந்தை யார் பூசுவார் என்ற கேள்விகள் ஆண் நோயாளியின் படிவத்திலும் இப்போது இருக்கின்றன. கையுறை ஒரு பெட்டி ஜெல்லோடு சேர்த்தே கொடுக்கப்படுகிறது.